பழைய கணிப்பொறியில் பிள்ளைகளின் முகம்

நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று அலமாரியின் மேல்தட்டிலோ கட்டிலின் அடியிலோ பழைய கணிப்பொறி ஒன்று துணியால் மூடப்பட்டுக் கிடக்கிறது. மகன் கல்லூரியில் பயின்ற நாளில் வாங்கியதாக அது இருக்கலாம். அல்லது 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணிப்பொறியாகவும் இருக்கலாம். அதைக் கொண்டு படித்துத் தேறிய பிள்ளை இன்று துபாயிலோ டொரண்டோவிலோ வேலை பார்க்கிறான். பொறி இங்கே இருக்கிறது. பெற்றோரும் இங்கே இருக்கின்றனர். பிள்ளையின் முகத்தை வாரம் ஒரு முறையேனும் வீட்டுக் கூடத்தில் அப்பெற்றோர் காணும்படி அப்பொறியை ஆயத்தம் செய்வது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

கைப்பேசியே போதுமே, கணிப்பொறி எதற்கு என்று இளைஞர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும் எழுபது வயதைக் கடந்தோரின் நிலையில் நின்று இதைப் பார்க்க வேண்டும். கைப்பேசியை ஏந்தியவாறு அரைமணி நேரம் பேசுவது அவர்களுக்கு எளிதன்று. கை தளரத் தளர, மறுமுனையில் இருப்போர் காண்பது அன்னையின் நெற்றியையும் மேலே சுழலும் மின்விசிறியையுமே. கண்புரை உள்ளவர்க்கு உள்ளங்கை அளவுத் திரையில் பேரன் யார், பேத்தி யார் எனப் பிரித்தறிவதே அரிது. தாயும் தந்தையும் ஒருங்கே அமர்ந்து பேசவும் அச்சிறு திரை இடந்தராது. நாமறிந்த முதியவர் ஒருவர்க்குச் செவிப்புலன் மிகவும் மங்கிவிட்டது. கைப்பேசியில் மகள் பேசினால், "சரியம்மா, சரியம்மா" என்று இருமுறை சொல்லிவிட்டு மனைவியிடம் கொடுத்துவிடுவார். பதினைந்து அங்குலத் திரையில் மகளின் உதடுகள் அசைவதைக் கண்ட பின்னரே அவர் பேச்சுக்குப் பேச்சு மறுமொழி கூறலானார். இப்பொழுது மருமகனோடு வழக்காடவும் தொடங்கிவிட்டார் என்று அவருடைய துணைவியார் முறையிடுகிறார்!

முகங்கண்டு பேசும் ஆசை இன்று பிறந்ததன்று. அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 1964-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'பிக்சர்ஃபோன்' என்னும் கருவியை மக்களுக்குக் காட்டியது. 1970-இல் பிட்ஸ்பர்க் நகரில் அதைச் சந்தைக்கும் கொண்டுவந்தது. மாதக் கட்டணம் 160 டாலர் என்றிருந்தமையால் அதை நாடியோர் வெகு சிலரே. கணிப்பொறியோடு கேமரா இணைந்த கதையோ வேடிக்கையானது. 1991-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிப்பொறிக் கூடத்து ஆய்வாளர்கள், வேறோர் இடத்திலிருந்த காப்பிப் பாத்திரத்தில் காப்பி மீதமுள்ளதா என்பதை இருந்த இடத்திலிருந்தே அறிய விரும்பி, அதை நோக்கி ஒரு கேமராவைப் பொருத்தினார்கள். வீண் நடையைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு, கடல் கடந்த உறவுகளைக் காட்டும் கருவிக்கு முன்னோடியாயிற்று. பின்னர் 2003-இல் ஸ்கைப் தோன்றியது. நம் பெற்றோரில் பலர் அயல்நாட்டிலிருந்த பிள்ளைகளை முதன்முதலாகத் திரையில் கண்டது அதன் வழியே. அந்த ஸ்கைப்பும் 2025 மே 5-ஆம் நாள் மூடப்பட்டுவிட்டது. ஆகவே பழைய பொறியைத் தூசுதட்டி எடுத்து, அதிலுள்ள ஸ்கைப் சின்னத்தை அழுத்திப் பார்த்து, "வேலை செய்யவில்லை, பொறி பழுது" என முடிவுகட்டிவிட வேண்டாம். அப்பழுது பொறியில் இல்லை.

நிற்க. முதலில் பொறியின் உடல்நலத்தைப் பார்ப்போம். மடிக்கணிப்பொறியாயின், மின்னிணைப்புக் கொடுக்குமுன் அதைக் கவிழ்த்து உற்று நோக்குக. பல ஆண்டுகள் சும்மா கிடந்த லித்தியம் பேட்டரி சிலவேளை உப்பிவிடும். அடிப்புறம் புடைத்தோ, விசைப்பலகை மேலெழும்பியோ தோன்றினால் அதை இயக்கவே கூடாது. தீப்பற்றும் அபாயம் உண்டு. பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அந்த பேட்டரியை அகற்றிவிட வேண்டும். பழைய மாதிரிகள் பல, பேட்டரி இன்றியே சார்ஜர் மூலம் நேரே இயங்கக்கூடியவை. மேசைக் கணிப்பொறியாயின், இணைப்பைப் பிடுங்கியபின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, மெல்லிய தூரிகையால் விசிறியில் அடைந்துள்ள தூசியை அகற்றுக. வெப்பம் வெளியேற வழியில்லாத பொறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பொறி கிழடாகிவிட்டது என்று நாம் வருந்துவது பல வேளைகளில் இந்தத் தூசியைக் குறித்தே.

ஒரு ரூபாய் நாணயத்தை ஒத்த சிறு பேட்டரி ஒன்றும் உள்ளே இருக்கிறது. சி.ஆர். 2032 என்ற எண் பொறித்தது, 3 வோல்ட். பொறி அணைந்திருக்கும்போதும் நாளையும் நேரத்தையும் நினைவில் வைத்திருக்க உதவுவது அதுவே. பல ஆண்டுகளில் அது தீர்ந்துபோகிறது. அதன்பின் பொறியைத் திறந்தால், தான் பிறந்த ஆண்டையே இன்றைய ஆண்டென எண்ணிக்கொள்கிறது. இதனால் என்ன கெடுதி என்பீர்கள். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் தன் அடையாளச் சான்றிதழை நம் பொறியிடம் காட்டுகிறது. அச்சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. இது 2010 என்று நம்பிக்கொண்டிருக்கும் பொறி, இன்னும் பிறவாத குழந்தைக்கு ஞானஸ்நானச் சான்றிதழா என்று ஐயுறும் பங்கு அலுவலகத்தைப்போல், எல்லாத் தளங்களையும் மறுத்துவிடும். இணைய இணைப்பு நன்றாக இருந்தும் ஒரு தளமும் திறவாத பொறியில் முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். சொற்ப விலையுள்ள அந்த பேட்டரியை மாற்றினால் போதும். இதற்காகப் பொறியையே பழைய இரும்புக்குப் போட்டவர்களும் இருக்கின்றனர்.

அடுத்து, பொறியை ஆளும் மென்பொருள். விண்டோஸ் எக்ஸ்பிக்கு அளித்துவந்த பாதுகாப்பு உதவியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-இலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கு அளித்த பொது உதவியை 2025 அக்டோபர் 14-இலும் நிறுத்திவிட்டது. உதவி நின்றால் பொறி நின்றுவிடும் என்பதன்று; புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்பட மாட்டா என்பதே பொருள். அதோடு பிற செயலிகளும் ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. கூகுளின் குரோம் உலாவி விண்டோஸ் 7-இல் 109-ஆம் பதிப்போடு, 2023-இன் தொடக்கத்தில், நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாமெனில், அது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும், ஏறத்தாழ 2018-க்குப் பிற்பட்ட செயலியையும் கேட்கிறது. பன்னிரண்டு ஆண்டுப் பொறி அத்தேர்வில் தேறாது.

மனந்தளர வேண்டா. விலையின்றிக் கிடைக்கும் வேறு ஆளும் மென்பொருள்கள் உண்டு. லினக்ஸ் மின்ட் என்பது ஒன்று. அதன் எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய பதிப்பு, 64-பிட் செயலியும் 2 ஜிபி நினைவகமும் இருந்தால் ஏறிவிடும். 4 ஜிபி இருந்தால் செவ்வையாக நடக்கும். மற்றொன்று கூகுள் 2022-இல் வெளியிட்ட குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ். அதற்கு 4 ஜிபி நினைவகம் வேண்டும்; 2010-க்கு முற்பட்ட பொறிகளில் அது சரிவர நடக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. முதியோர் மட்டுமே அமரப்போகும் பொறிக்கு ஃபிளெக்ஸ் நன்று. அதில் உலாவியைத் தவிரக் குழப்புவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. இளைய பிள்ளைகளும் எழுதப் படிக்கப் பயன்படுத்துவாராயின் மின்ட் நன்று. இவ்விரண்டையும் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். பழையதை அழிக்கத் தேவையில்லை. கேமரா, மைக், வைஃபை மூன்றும் வேலை செய்கின்றனவா என அவ்வாறு சோதித்த பின்னரே நிலையாக ஏற்றுவது அறிவுடைமை. ஏற்றும்போது வட்டில் உள்ளவை யாவும் அழிந்துவிடும். அதில் முதல் நற்கருணைப் படங்களும், திருமணப் படங்களும், மறைந்த தாத்தாவின் ஒரே வண்ணப்படமும் இருக்கக்கூடும். அவற்றை இரண்டு இடங்களில் படியெடுத்து வைக்காமல் யாரும் கைவைக்கலாகாது. பொறியில் பழைய ஹார்ட் டிஸ்க் இருப்பின் அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துவது பெரும் மாற்றம் தரும். செலவழிக்க மனமிருப்பின் முதற்செலவு இதுவாகவே இருக்கட்டும்.

படத்தோடு பேசும்போது மட்டும் பழைய பொறி ஏன் மூச்சு வாங்குகிறது? சிறு கணக்கொன்றைப் பார்ப்போம். அகலத்தில் 640 புள்ளிகளும் உயரத்தில் 480 புள்ளிகளும் கொண்ட சாதாரணப் படத்தில் மொத்தம் 3,07,200 புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 30 படங்கள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள். பெருக்கினால் வினாடிக்கு 22 கோடிக்கு மேல் வருகிறது. ஆனால் இருவர் பேசும் அழைப்புக்கு வினாடிக்கு 600 கிலோபிட், அதாவது 6 லட்சம் பிட் இருந்தால் நல்ல படம் கிடைக்கிறது. ஆகவே கேமரா தரும் சுமையை முந்நூறில் ஒரு பங்கிற்கும் கீழாகச் சுருக்கி அனுப்ப வேண்டும். மறுமுனையிலிருந்து சுருங்கி வருவதை அந்நொடியே விரிக்கவும் வேண்டும். புதிய பொறிகளில் இதற்கெனத் தனி உறுப்பு உண்டு. பழையவற்றில் அது இல்லை. இருந்தாலும் இன்றைய சுருக்கு முறைகளை அது அறியாது. எல்லாச் சுமையும் செயலியின் தலையிலேயே விழுகிறது. எனவே அமைப்புகளில் சென்று படத்தின் தரத்தைக் குறைத்து வைக்க வேண்டும். 720 என்பதைத் தேர்ந்தால் வேலை மும்மடங்காகும். ஒன்பது பேர் முகங்களையும் கட்டங்கட்டமாகக் காட்டாமல் பேசுபவரை மட்டும் காட்டுமாறு அமைக்க வேண்டும். பிற சாளரங்களை எல்லாம் மூடிவிட வேண்டும். முகத்தின் பின்னே கடற்கரையையும் பனிமலையையும் காட்டும் வித்தை பழைய பொறிக்குப் பெரும்பாவம்; நம் வீட்டுச் சுவரே அழகுதான்.

படம் சற்று மங்கினாலும் பேச்சு நடக்கும். ஒலி கெட்டால் எல்லாம் கெடும். மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலும் கேமராவும் மைக்கும் இரா. யு.எஸ்.பி. வழியே இணையும் சாதாரண வெப்கேமரா போதும்; அதிலேயே மைக்கும் அமைந்திருக்கும். ஒலிபெருக்கியிலிருந்து வரும் குரல் மீண்டும் மைக்கில் நுழைந்து எதிரொலிப்பதே பெருந்தொல்லை. ஒருவர் மட்டும் பேசுவதாயின் ஹெட்போன் அதைத் தீர்க்கும். இருவராக அமர்வோர், ஒலிபெருக்கியை மைக்கினின்று விலக்கி வைத்து, ஒலியையும் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் முகம் நிழலாகிவிடும். சன்னலை நோக்கி அமர்க. கேமரா கண்மட்டத்தில் இருக்க வேண்டும். மடிக்கணிப்பொறியின் கீழே இரண்டு தடித்த புத்தகங்களை வைத்தால் உயரம் சரியாகும். மெத்தையின்மேலும் துணியின்மேலும் வைத்துக் காற்றுத் துளைகளை அடைக்க வேண்டா. இணையப் பெட்டி அதே அறையில் இருப்பின் வைஃபையை நம்பாமல் கம்பி மூலமே இணைப்பது உறுதியானது.

இவையெல்லாம் கருவியைப் பற்றியவை. உண்மையான இடர் இங்கன்று. விடுமுறையில் வரும் மகன் பத்து நாளில் எல்லாவற்றையும் சீர்செய்து, தன் பழக்கத்திற்கேற்ப இருபது சின்னங்களைத் திரையில் பரப்பி, "இவ்வளவுதான் அம்மா, மிக எளிது" என்று விரைந்து காட்டிவிட்டு விமானம் ஏறுகிறான். அவன் சென்ற மூன்றாம் நாள் எதிர்பாராத ஒரு கேள்வி திரையில் தோன்றுகிறது. அன்னை அஞ்சிக் கையை எடுத்துவிடுகிறார். அடுத்த வீட்டுப் பையன் வந்து பார்க்கும்வரை பொறி மூடிக் கிடக்கிறது, அவனுக்கோ தேர்வு. மகனைக் காண வேண்டுமென்று தோன்றிய மாலையில் இன்னொருவரின் ஓய்வுக்காகக் காத்திருக்கும் நிலை அந்தத் தாய்க்கு நேர்கிறது. மகனோ, "அம்மாவுக்கு இதில் விருப்பமில்லை போலும்" என எண்ணிக்கொள்கிறான். இதைப் பல இல்லங்களில் கண்டிருக்கிறோம்.

ஆகவே பொறியை அமைப்பவர் தம் வசதியை மறந்து, அதன்முன் அமரப்போகிறவரின் விரலையும் கண்ணையும் மனத்திற்கொண்டே அமைக்க வேண்டும். திரையில் ஒரே ஒரு சின்னம் இருக்கட்டும். அதன் பெயரும் தமிழில், 'தம்பி வீடு' என்றோ 'பெரியவள்' என்றோ இருக்கட்டும். கூகுள் மீட்டில் நிலையான ஓர் இணைப்பு முகவரியை உண்டாக்கி, அதையே அச்சின்னத்தில் பதித்துவிடலாம். அன்னையின் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, அவ்வுலாவியில் நிலையாக நுழைத்து வைத்தால், சின்னத்தை அழுத்தியதும் மகனின் அறைவாயிலில் நிற்கலாம். கேமராவுக்கும் மைக்குக்கும் உலாவி கேட்கும் அனுமதியை மகன் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். எழுத்தின் அளவை ஒன்றரை மடங்காக்குக. மவுஸின் வேகத்தைக் குறைக்க. இருமுறை அழுத்துவது நடுங்கும் விரலுக்குக் கடினம். ஒரு முறை அழுத்தினாலே திறக்குமாறு மின்டில் அமைக்க முடியும். செய்யவேண்டியதை நான்கே வரியில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுக. கடவுச்சொல்லை மட்டும் அங்கே எழுத வேண்டா. அது செப நூலின் உள்ளட்டையில் இருக்கட்டும்.

கற்பிக்கும் முறையும் கவனத்திற்குரியது. மகனின் கை மவுஸைத் தொடவே கூடாது. அன்னையே பொறியைத் திறந்து, அழைத்து, பேசி, மூடிப் பழக வேண்டும். அவன் அடுத்த அறையில் தன் கைப்பேசியோடு இருந்து விடையளிக்கட்டும். புறப்படுமுன் ஐந்தாறு நாட்கள் இவ்வாறு நடந்தால் அச்சம் தெளியும். எந்த விசையை அழுத்தினாலும் பொறி வெடித்துவிடாது என்ற ஒன்றை அவர் நம்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எச்செயலியைத் தேர்வது என்பதை மறுமுனையில் இருப்பவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புகளுக்குப் பல ஆண்டுகளாகத் தடை இருந்து வந்ததை வளைகுடாக் குடும்பங்கள் நன்கறியும். லினக்ஸ் பொறிக்கென வாட்ஸ்அப் தனிச் செயலி எதையும் வெளியிடவும் இல்லை. கட்டணமற்ற ஜூம் 40 நிமிடத்தில் அழைப்பை முடித்துவிடும். கூகுள் மீட்டில் மூவரும் அதற்கு மேற்பட்டோரும் கூடினால் ஒரு மணி நேரம். இருவர் மட்டுமெனில் நேரத்தைப் பற்றிய கவலையே இல்லை.

மற்றொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. முகங்காட்டும் இக்கருவி வஞ்சகர்க்கும் வாயிலாகியிருக்கிறது. காவல்துறை உடையில் திரையில் தோன்றி, "உங்கள் பெயரில் வழக்கு உள்ளது, அறையை விட்டு நகரக் கூடாது, இது டிஜிட்டல் கைது" என மிரட்டி, முதியோர் ஆயுள் முழுதும் சேர்த்த பணத்தைப் பறிக்கின்றனர். டிஜிட்டல் கைது என ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லவே இல்லை. எந்த அதிகாரியும் காணொளி அழைப்பில் எவரையும் கைது செய்வதில்லை, பணமும் கேட்பதில்லை. அத்தகைய அழைப்பு வந்தால் உடனே துண்டித்துவிட்டு, பிள்ளைக்கோ பக்கத்து வீட்டார்க்கோ சொல்ல வேண்டும். பணம் போயிருப்பின் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். தொலைவிலிருந்து நம் பொறியை இயக்க உதவும் செயலிகள் உண்டு. மகன் அதன் வழியே பழுது நீக்குவது பெரும் வசதி. ஆனால் தானாக அழைத்து அத்தகைய செயலியை ஏற்றச் சொல்பவர் வங்கியின் பெயரைச் சொன்னாலும் சரி, கணிப்பொறிக் கம்பெனியின் பெயரைச் சொன்னாலும் சரி, அவர் திருடரே. இந்த வரியைச் சுவரில் ஒட்டிய தாளில் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். பேசாத நேரத்தில் கேமராவின்மேல் ஒரு சிறு துணியைப் போட்டு வைப்பதும் நன்று.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் கணிப்பொறியை மட்டும் அதோடு இணைத்துவிட்டு இணையப் பெட்டியை மறந்துவிடுவோர் பலர். மின்சாரம் நின்றதும் பொறி விழித்திருக்கும். படமோ உறைந்து நிற்கும். இரண்டையும் சேர்த்தே இணைக்க வேண்டும்.

இறுதியாக, நேரம். துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி வேறுபாடு. அது ஆண்டு முழுதும் மாறுவதில்லை. டொரண்டோவின் கதை வேறு. கோடையில் அங்கே காலை 10 மணி என்றால் இங்கே மாலை 7.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளுகின்றனர். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று மீண்டும் முன்னே தள்ளுகின்றனர். மகன் வழக்கம்போல் காலை 10 மணிக்கு அமர்வான். நமக்கோ அப்போது இரவு 8.30. அந்த நவம்பர் ஞாயிறன்று அன்னை 7.30-க்கே புடவை மாற்றி, வெறுந்திரையின் முன் ஒரு மணி நேரம் காத்திருக்க நேராதபடி, அவ்விரு ஞாயிறுகளையும் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மையால் இன்றே வட்டமிட்டு வைக்க.